மில்லிகிராம் ஜெயித்த வாதம்

எடை அளவுகள் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் மில்லிகிராம். கடைக்காரர் எவ்வளவு நெளிந்து குழைந்தாலும் கள்ளத் தராசு அவரிடம் தப்பாது.

அவர் மனைவி பல வருடங்களாகப் புதன்கிழமைதோறும் தசைச் சோதனை சிகிச்சைக்குப் போனாள். பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் ஓர் அறை. ஏதாவது மாத்திரையையோ தின்பண்டத்தையோ ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையை நீட்ட வேண்டும். நீட்டிய கையைச் சிகிச்சை செய்யும் அம்மாள் அழுத்துவார். கை தாங்கினால் அந்தப் பொருள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது, தாழ்ந்தால் ஒத்துக்கொள்ளவில்லை. மில்லிகிராம் ஒருநாளும் மாடி ஏறியதில்லை. காரிலேயே உட்கார்ந்திருப்பார். திரும்பும் வழியெல்லாம், "சுத்த ஏமாத்து வேலை. என்னிக்காவது நிரூபிச்சுக் காட்டறேன் பாரு" என்பார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவள் மாரடைப்பில் போன பிறகு வீட்டில் வாதம் பண்ண ஆளில்லை. தொலைக்காட்சியோடு சண்டை போட்டுப் பார்த்தார். அது பாட்டுக்குப் பேசியது. ஒரு புதன்கிழமை, ஒரே மாதிரி மடித்த பொட்டலங்களோடு முதன்முறையாக அந்த மாடியில் ஏறினார்.

"வாங்க சார். உக்காருங்க. உங்க வீட்டம்மா விஷயம் கேள்விப்பட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

"இது எங்கேயிருந்து வந்த வித்தைன்னு முதல்ல சொல்லுங்க."

"அமெரிக்காவுல ஒரு முதுகெலும்பு வைத்தியர் ஆரம்பிச்சது. தோள்பட்டை எலும்பு பின்னால துருத்திக்கிட்டு ஒருத்தர் வந்தாராம். தசையில கட்டிகட்டியாத் தட்டுப்பட்ட இடத்தை அழுத்தித் தேய்ச்சதும் எலும்பு ஒழுங்கா உக்காந்துடுச்சாம். சீன வைத்தியத்தோட நாடிப் பாதைகளை அப்புறம் சேத்துக்கிட்டாங்க."

"சரி. இதுல சிலதுல சர்க்கரை, சிலதுல அவ சாப்பிட்ட சத்து மாத்திரையைப் பொடிச்சது. கலைச்சுட்டேன், எனக்கும் தெரியாது. எதுல எதுன்னு சோதிச்சுச் சொல்லுங்க."

ஒவ்வொரு பொட்டலத்தையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மறு கையை நீட்டினார். அந்த அம்மாள் மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரல் வைத்து, "தாங்குங்க" என்று அழுத்தினார். கடைசியில் பிரித்துப் பார்த்தார்கள். பாதி தப்பு.

"காசைச் சுண்டிப் போட்டாலும் இதே கணக்குதான் வரும்" என்றார் மில்லிகிராம். இத்தனை வருடம் காத்திருந்த வெற்றி. கழுத்து தானாக வாசல் பக்கம் திரும்பியது. சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "தெரியும் சார். உங்க வீட்டம்மாவும் இப்படிப் பொட்டலம் கட்டிட்டு வந்தாங்க. அன்னிக்கும் தப்பாத்தான் வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு வந்தா?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'பரவாயில்லை, கையைப் பிடிங்க'ன்னாங்க. அதுக்கப்புறம் சோதனையே கிடையாது. கையை நீட்டுவாங்க, பிடிச்சுக்குவேன். பேசிட்டே இருப்பாங்க."

"என்ன பேசுவா?"

"அதை நான் சொல்லக் கூடாது சார்."

மில்லிகிராம் பிரித்த காகிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். வீட்டில் அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. பேச ஆரம்பித்தால் பாதியிலேயே தப்பைத் திருத்திவிடுவார், அவளும் விட்டுவிடுவாள். அவள் கையைக் கடைசியாக எப்போது பிடித்தோம் என்று யோசித்தார். ஆஸ்பத்திரியில் பிடித்தது, அப்போது அது குளிர்ந்திருந்தது. அதற்கு முன்னால் என்றால் ஞாபகம் வரவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கீழே வந்து காரில் உட்கார்ந்தார். புதன்கிழமைகளில் அவள் படியிறங்கி வரும் நேரம் தாண்டியும் கிளம்பவில்லை. பிறகு வீட்டுக்குப் போனார். விளக்கைப் போட்டார். அடுத்த புதன்கிழமையும் போகலாமா என்று தோன்றியது. போய் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.