வார்னிஷ் படாத புழுதி

வெர்னா லிண்ட்னரின் வீட்டில் கண்ணாடி மூடிக்குள் நின்றிருந்த கையளவு மாதிரி யூட் வண்டி, ஓர் அங்குலம்கூட நகராமல் பல வருஷம் ஊர் சுற்றியது. சாயங்காலம் துடைத்து வைத்தால் காலையில் சக்கரங்களுக்கு மேலே செம்புழுதி படிந்திருக்கும். வடக்கே வெள்ளம் என்று ரேடியோ சொல்வதற்கு முன்பே மட்கார்டில் சேறு காய்ந்து கிடக்கும். ஒரு தடவை முன்கண்ணாடியில் எள்ளளவு வெட்டுக்கிளி ஒன்று ஒட்டியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தவர்கள் அதற்குச் சிறகும் இருந்தது என்றார்கள். எங்கள் ஊரான மவுண்ட் கேம்பியரில் இதற்காக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எரிமலை வாய்க்குள் கிடக்கும் எங்கள் ஏரி, குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்துவிட்டு நவம்பரில் பளிச்சென்று நீலமாகிறது. அதற்கே இங்கே யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

நிஜ யூட் வெர்னாவின் கணவன் ராயுடையது. பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு வைத்த, பாலாடை நிறக் கிங்ஸ்வுட் கார். ராய் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் அறுத்தவன். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகன் ஜாரட் மேற்கே செம்மறியாடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் வேலையில் இருந்தான். அப்பாவுக்கு முடியவில்லை என்று தகவல் போனது. ஒரு கொட்டகை ஆடு மீதி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். அவன் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். அடக்கம் முடிந்து எல்லாரும் தேநீரும் சாண்ட்விச்சுமாக நின்றுகொண்டிருந்தபோது வெர்னா யூட்டின் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இந்தா, உங்கப்பன் வண்டி. எடுத்துக்கிட்டுப் போயிடு. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே," என்றாள். கோபத்தில் எந்தத் தாயும் சொல்வதுதான். ஆனால் சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்டே பழகிய பிள்ளை அவன். போனவன் போனவன்தான். போன் எண் மாறிவிட்டது. வளர்ந்த ஆம்பிளை தானாகக் கிளம்பிப் போனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று போலீஸ் கைவிரித்தது.

மாதிரிக் கார் செய்யும் சங்கத்தில் வெர்னா சேர்ந்தது அதற்கப்புறம்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை பௌலிங் கிளப்பின் பின்னறையில் கூடுவார்கள். அத்தனை பேரும் ஆண்கள், பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், எல்லாருடைய விரலிலும் காய்ந்த பசை. அந்தச் சங்கத்துக்கு எழுதாத சட்டங்கள் இரண்டு. மேஜைமேல் வண்டியை வைத்தவன் அதை எப்படிச் செய்தான் என்று சொல்லியாக வேண்டும் என்பது ஒன்று. உப்புக்கல்லைத் தூவி அதன்மேல் பெயிண்ட் அடித்து, காய்ந்தபின் கழுவினால் துருப் பிடித்துப் பெயிண்ட் உரிந்தது போலவே இருக்கும் என்பதை எவனாவது கண்டுபிடித்தால், அடுத்த மாதம் எல்லார் வண்டியும் துருப் பிடித்துக் கிடக்கும். கள்ளக்காதலைக்கூட மன்னிப்பார்கள், செய்முறையை ஒளித்தவனை மன்னிக்க மாட்டார்கள். வண்டிக்குள் ஆளை வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஆள் உட்கார்ந்தால் வண்டி பொம்மையாகிவிடும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் எங்கள் ஊரின் மாதிரிக் கார்கள் அத்தனையும் ஓட்டுகிறவன் இல்லாமலே நின்றன.

வெர்னா ஒரு கிங்ஸ்வுட் மாதிரிக் காரின் பாகங்களை வாங்கி, கூரையைப் பாதியில் அறுத்து, பின்தட்டைப் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி ஒட்டி, ராயின் யூட்டை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் செய்தாள். ராய் கேட்டில் இடித்த நசுங்கல், ஜாரட் பள்ளியில் படிக்கும்போது ஒட்டிய ஸ்டிக்கர், ஒன்றையும் விடவில்லை. இரண்டு குளிர்காலம் ஆனது. முடித்து மூடி போட்டு வைத்த மறுநாள் காலையில் அதில் புழுதி இருந்தது. வெர்னா காபிக் கோப்பையோடு அதன் முன்னால் உட்கார்ந்தாள். விளக்கம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. வண்டி ஓடுகிறது என்றால் ஓட்டுகிறவன் உயிரோடு இருக்கிறான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப் போனது. காலையில் புழுதியைப் பார்ப்பாள். சிவப்பு என்றால் வடக்கு, மஞ்சள் மணல் என்றால் மேற்கு. சாயங்காலம் பவுடர் பூசும் மெல்லிய பிரஷால் அதைத் தட்டிவிட்டு வண்டியைச் சுத்தமாக்குவாள். நாளைய புழுதிக்கு இடம் வேண்டுமே.

சங்கத்துக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. காலமெல்லாம் வண்ணச் சாக்கட்டியைப் பொடித்துப் பொடித்துத் தேய்த்தும் இப்படி ஒரு புழுதி அவர்களுக்குக் கைவந்ததில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். நான் செய்யவில்லை, அதுவாகப் படிகிறது என்றாள். ஒளிக்கிறாள் என்று முடிவு கட்டி, சில மாதம் அவளுக்குப் பிஸ்கட் தட்டை நீட்டவில்லை. சங்கத்தின் செயலாளர் கோர்டன், பெண்பிள்ளைகளைச் சேர்த்தால் இப்படித்தான் என்று காதில் விழும்படியே சொன்னான். கடைசியில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்த நெவில் ட்ரெங்கோவ் ஒரு நாள் விடியற்காலையில் போய், சுத்தமாக இருந்த வண்டிமேல் புழுதி படிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சரி, தானாகப் படிவதும் ஒரு முறைதான் என்று ஒத்துக்கொண்டு பிஸ்கட்டை நீட்டினார்கள். நெவில் மனைவியை இழந்தவன். அதற்கப்புறம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வெர்னாவின் வீட்டுக் கேட்டைத் திறக்கிறவனாகிப் போனான்.

ஈஸ்டருக்கு அடிலெய்டில் பெரிய கண்காட்சி. அந்தச் சமயம் பார்த்து வெர்னா இடுப்பெலும்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். ஊர்ப் பேரைக் காப்பாற்ற அவளுடைய யூட் போயே ஆக வேண்டும் என்று சங்கம் ஆசைப்பட்டது. நெவில் தன் மடியில் வைத்துக் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்தான், வெர்னாவும் சம்மதித்தாள். புறப்படும் நாள் காலையில் அவன் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அதுவரை அவன் பார்த்ததிலேயே அழகான புழுதி. கதவோரத்தில் இழைந்து, பின்தட்டில் காற்றடித்த வரிகளோடு கிடந்தது. அஞ்சு மணி நேரப் பயணம், அதற்கப்புறம் கண்காட்சியில் ஆயிரம் விரல்கள். பொடியாகப் பூசியது எதுவும் மூடாவிட்டால் உதிர்ந்துபோகும். இது அந்தச் சங்கத்தில் முதல் மாதமே கற்றுத்தரும் பாடம். நெவில் தன்னிடமிருந்த நல்ல வார்னிஷை, பளபளப்பு வராத வகையை, தூரத்தில் பிடித்து மூன்று தடவை லேசாக அடித்தான். கைக்குழந்தைக்குத் துணி சுற்றுகிற அக்கறையோடுதான் செய்தான்.

யூட் முதல் பரிசு வாங்கியது. நீல ரிப்பனோடு அதைக் கொண்டுவந்து வெர்னாவின் படுக்கைப் பக்கத்தில் வைத்தான். அவள் ரிப்பனைப் பார்க்கவில்லை. விரல் நுனியால் கூரையைத் தொட்டாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இதுமேல என்ன போட்ட?"

"மேட் வார்னிஷ்தான், வெர்னா. லேசாத்தான் அடிச்சேன். வழியில உதிர்ந்துடக் கூடாதேன்னு..."

"அது உதிரணும் நெவில். உதிர்ந்தாத்தான் அடுத்த நாள் அவன் இருக்கானான்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் காலையில் அதே புழுதி. அதற்கு மறுநாளும் அதேதான். வீட்டுக்கு வந்தபின் வெர்னா தினமும் காபியோடு போய் உட்கார்ந்தாள். பின்தட்டில் அந்த ஈஸ்டர் காற்றின் வரிகள் அப்படியே இருந்தன. சங்கம் முழுதும் திரண்டு வந்தது. ஆல்கஹால், அடுப்பு கழுவும் திரவம், பிரேக் ஆயில் என்று ஆளுக்கொரு புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வார்னிஷைக் கரைக்கிற எதுவும் புழுதியையும் சேர்த்தே கரைத்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெர்னா எதையும் தொட விடவில்லை. பிள்ளை இருந்தான் என்பதற்குக் கடைசிச் சாட்சி அதுதான், அதைக் கழுவ எந்தத் தாய்க்கு மனசு வரும். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அந்தக் குளிர்காலத்தில் அவள் பாதியாகிப்போனாள். ராய் செத்தபோதுகூட அப்படி ஆகவில்லை. நெவில் சாப்பிடுவதையே மறந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

குளிர் குறைந்தபோது, வடக்கே பாலைவன ஓரத்தில் இருக்கும் மாரி என்ற ஊரின் போலீஸ்காரர் போன் செய்தார். பேர்ட்ஸ்வில் போகும் மண்பாதையில் பாலாடை நிறக் கிங்ஸ்வுட் ஒன்று நிற்கிறது, ஈஸ்டரிலிருந்தே நிற்பதாக மாட்டுப் பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள் என்றார். சாவி தொங்குகிறது, டாங்கில் பெட்ரோல் பாதி இருக்கிறது, எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் சக்கரம் உருள மாட்டேன் என்கிறது. படுக்கைச் சுருட்டும் தண்ணீர்க் கேனும் ஆளும் இல்லை. காலடித் தடம் இருந்திருந்தால் காற்று எப்போதோ அழித்திருக்கும். சுற்றிலும் தேடிவிட்டார்கள், உடல் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியாக அவர், கேட்கலாமா வேண்டாமா என்ற குரலில், வண்டிக்கு என்ன பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டார். எவ்வளவு தண்ணீர் பீய்ச்சியும் புழுதி போகவில்லையாம்.

வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வெர்னாவின் முற்றத்தில் இறக்கினார்கள். மழை அதன்மேல் வழிந்து ஓடியது, புழுதி நனையவே இல்லை. நெவில் யாரும் சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமைதோறும் வாளியும் பிரஷுமாக வந்து தேய்த்தான். ஒரு துளிகூட வரவில்லை. வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன்மேல் அவளுக்கிருந்த கோபம் எந்த ஞாயிற்றுக்கிழமை போனது என்று அவளுக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்து, கை மரத்துப் போகும், உள்ளே வந்து டீ குடி என்றாள்.

வண்டி நின்றுவிட்டது, அவன் இறங்கி நடந்திருக்கிறான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அப்படியானால் வண்டியைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. முதல் சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து, ஆள் செய்ய வேண்டும், எப்படி என்று கேட்டாள். ஆள் பொம்மை என்றாலே முகம் சுளிக்கிற கோர்டன்தான் முதலில் வாய் திறந்தான். "கம்பிய வளைச்சுக்கோ, மேல பட்டி மாவு அப்பு. ஜீன்ஸ் மடிப்புக்கு டிஷ்யூ பேப்பர வெள்ளைப் பசையில நனைச்சுச் சுத்து," என்றான். "நான் செஞ்சதில்ல. சும்மா யோசிச்சு வச்சிருந்தேன்." ஆளாளுக்கு யோசித்து வைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பூட்ஸின் அடிக்குப் பழைய கையுறைத் தோலை ஒருவன் கொடுத்தான். ஜாரடின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது வெர்னாவின் கைக்குத் தானாக வந்தது. முகம் மட்டும் வரவில்லை. தொப்பியை இறக்கிவிட்டு அப்படியே விட்டாள். யூட்டின் பக்கத்தில் நிற்க வைத்தாள். வார்னிஷ் டப்பாக்களையெல்லாம் நெவில் தன் வீட்டிலிருந்தே அப்புறப்படுத்தியிருந்தான்.

காலையில் பூட்ஸில் செம்புழுதி இருந்தது. வெர்னா மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் சில வருஷங்கள் அவன் நடந்தான். பூட்ஸ் சிவந்தது, சாம்பலானது, ஒரு கோடையில் விளிம்பில் கடலுப்பு பூத்திருந்தது. அடித்தோல் தேய்ந்துகொண்டே வந்தது, இடது குதிகால் மட்டும் சீக்கிரம். தேயத்தேய வெர்னா புதுத் தோல் ஒட்டினாள். அவளுடைய இடுப்பு தேறியது, கண் மங்கியது, கோர்டன் இறந்தான், நெவிலுக்கு அவள் வீட்டில் தனிக் கோப்பை ஒன்று ஆனது.

ஏப்ரலில் ஒரு நாள் காலை பூட்ஸ் வெள்ளையாக இருந்தது. மாவு போல நைசான வெள்ளை. நாடு நெடுக எங்கே போனாலும் புழுதி சிவப்பாகவோ மஞ்சளாகவோ சாம்பலாகவோதான் இருக்கும், சுண்ணாம்புக்கல்லில் நிற்கும் எங்கள் ஊரில் மட்டும்தான் அந்த வெள்ளை. வெர்னா பொம்மையைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கேட்டிலிருந்து வரும் சுண்ணாம்புப் பாதையில் காலடித் தடங்கள் இருந்தன. இடது குதிகால் தேய்ந்த பூட்ஸ். படிக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு பாதமும் சேர்ந்து அழுந்தப் பதிந்திருந்தன, வெகுநேரம் நின்றிருக்கிறான். பிறகு திரும்பி, வந்த வழியே போயிருந்தன. கேட்டைக்கூடச் சாத்திவிட்டுப் போயிருந்தான்.

நெவில் வந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மிதிக்காதேன்னு சொன்னேன்," என்றாள். "மிதிக்கல பாரு."

தெற்கிலிருந்து காற்று கிளம்பிக்கொண்டிருந்தது. தடங்களின் ஓரம் உதிர ஆரம்பித்திருந்தது. வாழ்நாள் பழக்கம் நெவிலை இழுத்தது. கடை பக்கத்திலேயேதான் இருக்கிறது, ஓடிப்போய் ஒரு டப்பா வாங்கி வந்து இந்த ஒரு தடத்தையாவது நிறுத்திவிடலாமா என்று மெதுவாகக் கேட்டான்.

"வேண்டாம். காத்து கலைச்சுட்டுப் போகட்டும்," என்றாள் வெர்னா. "கலைஞ்சாத்தான் அவன் நடக்க முடியும்."

இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் பாதை வழுவழுவென்று ஆகிவிட்டது. சில நாளில் பூட்ஸ் மறுபடியும் சிவந்திருந்தது. அந்த வாரமே வெர்னா சொல்லி நெவில் கடப்பாரை போட்டு வாசல் படியைப் பெயர்த்தான். இப்போது பாதை நேராகக் கதவுக்குள் போகிறது, மழை பெய்தால் கூடத்தில் தண்ணீர் ஏறுகிறது, வெர்னா துடைத்துக்கொள்கிறாள். மே மாதக் கூட்டத்தில் சின்ன பூட்ஸுக்கு அடித்தோல் ஒட்டுவது எப்படி என்று எல்லாருக்கும் செய்து காட்டினாள். போக வேண்டிய தூரம் அதிகம் என்பதால் இந்தத் தடவை கொஞ்சம் தடிப்பாகவே ஒட்டினாள்.