பவுன் ஒரு பாவியா?

1

இந்தக் கதை துண்டறிக்கையாகப் பிறந்திருக்க வேண்டியது. தலைப்பு ஆயத்தமாக இருந்தது. தலைப்பின் பின்னால் மூன்று வியப்புக்குறிகள் அணிவகுத்திருந்தன. முடிவில் ‘சிந்திப்பீர்’ என்ற சொல் வழக்கம்போல் தன் இடத்தில் வந்து நின்றுவிட்டது. நடுவில் எழுத வேண்டியது மட்டுமே பாக்கி. அந்த நடுவில் ரீனா வந்து சிரித்துவிட்டாள். சிரிப்பை அச்சிடும் வசதி துண்டறிக்கையில் கிடையாது. ஆகவே கதை.

என் பெயர் சாவித்ரி. (பெற்றோர் வைத்தது, பொறுத்தருள்க.) கோவையில் மேடையேறிப் பழகியவள், கணவரின் வேலையை ஒட்டிப் புனே வந்தவள், போசரி ஆலைவாயில்களில் தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து முழங்கியவள். ‘பிறப்பினால் எவருக்கும் இழிவில்லை, பிறப்பினால் எவருக்கும் உயர்வில்லை.’ என் பொதுவாழ்வு முழுவதையும் பிழிந்தால் இந்த இரண்டு வாக்கியங்கள்தாம் சொட்டும்.

என் தங்கை மல்லிகாவின் மகன் கோகுல்நாத், புனேயிலேயே பிறந்து என் கையில் வளர்ந்தவன். அவன் மனைவி ரீனா. புனேயின் கட்கியில் வளர்ந்த நெல்லைக் கிறிஸ்தவப் பெண்; என்னை அத்தை என்பாள். பவுன் அவர்களுடைய கைக்குழந்தை. இக்கதையில் பாவி என்று குற்றஞ்சாட்டப்படுபவள் அவளே.

2

முதல் தொடக்கம்: ‘இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சிஞ்ச்வட் அடுக்குமாடி ஒன்றில், பால்மணம் மாறாப் பச்சிளம் குழந்தையின் நெற்றியில் மூடநம்பிக்கையின் முத்திரை—’

வேண்டாம். அந்தப் பச்சிளம் குழந்தை அப்போது என் மூக்குக்கண்ணாடியைத் தின்றுகொண்டிருந்தது. முத்திரை குத்தும் அளவுக்கு நெற்றி நிலையாக இருக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘ஏதேன் தோட்டத்தில் ஒருத்தி பழம் தின்றாள் என்பதற்காகச் சிஞ்ச்வட்டில் ஒருத்தி—’ இது நன்று. கைதட்டல் விழும். ஆனால் கைதட்டல் விழுகிற இடத்தில் சிந்தனை உட்கார்ந்துவிடும் என்பது என் மேடை அனுபவம்.

மூன்றாவது, நடந்தபடியே. ஹடப்சர் அலுவலகத்திலிருந்து வந்த கோகுல், காலணியைக்கூடக் கழற்றாமல் அறிவித்தான்:

“பெரியம்மா, சண்டே பவுனுக்கு ஞானஸ்நானம். அங்க படிக்கற புக்ல லிக்கா ஹை, எல்லாரும் பாவத்தில பொறக்கறாங்கன்னு. என் பொண்ணை அப்படிச் சொன்னா நான் அங்க நிக்க மாட்டேன். பஸ்.”

“நிக்காண்டாம், உக்காருங்க. பெஞ்சு போட்டிருக்கு,” என்றாள் ரீனா, சமையலறையிலிருந்து.

“ஜோக் பண்ணாத யார்.” (கோகுலின் தமிழில் பாதி இந்தி: ‘லிக்கா ஹை’ என்றால் எழுதியிருக்கிறது, ‘பஸ்’ என்றால் அவ்வளவுதான், ‘யார்’ என்றால் தோழி.)

அவள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். “நீங்க நம்பணும்னு நான் கேட்டேனா? அத்தை நம்பணும்னு கேட்டேனா? ரெண்டு பேரும் எம்பக்கத்துல நிக்கணும், அவ்ளோதான். எங்க அம்மையும் அப்பாவும் பாளையங்கோட்டைக்கே போயிட்டாவ. இங்க எனக்கு யாரு இருக்கா? நீங்க நிக்கலைன்னா ஞானஸ்நானமே வேண்டாம். யாருமத்த பிள்ளை மாதிரி அவளைத் தூக்கிட்டுப் போயி நான் தனியா நிக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழாய் மட்டும் திறந்து கிடக்கும் ஓசை நெடுநேரம் கேட்டது. பாத்திரத்தின் ஓசை கேட்கவில்லை.

வாசகர்களே, பிரச்சினை இதுதான். கடவுள் இருக்கிறாரா என்பது இக்கதையின் வழக்கன்று. தன் நம்பிக்கையின் முன்னால் தன் வீட்டார் தன்னோடு நிற்பார்களா என்பது ஒரு பெண்ணின் கேள்வி.

[இடைக்குறிப்பு: செய்த பாவம் வேறு, கூடப்பிறந்த பாவம் வேறு என்று கிறிஸ்தவக் கோட்பாடு பிரிக்கிறது. முன்னது அவரவர் கணக்கு. பின்னது ஆதாம் ஏவாளின் மீறலிலிருந்து வழிவழியாக வருவது; ஆதிப்பாவம் என்றும் சென்மப்பாவம் என்றும் பெயர். குறிப்பை நடுநிலையோடு எழுதியிருக்கிறேன். என் பற்கள் கடிபடும் ஓசை உங்களுக்குக் கேட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.]

3

சீர்திருத்தக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். போதகர் ஞானசிகாமணியை அப்பொறுப்பில் அமர்த்தினேன். (நெல்லைக் கிறிஸ்தவர்கள் போதகரை ‘ஐயர்’ என்று அழைப்பார்கள். என் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.) ‘கறுத்த அங்கி, கழுகுப் பார்வை, காலங்காலமாய்க் கட்டிக்காத்த—’ என்று தொடங்கிய பத்தியை இங்கேயே கைவிடுகிறேன். வீட்டுக்கு வந்தவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். கையில் வடாபாவ் பொட்டலம்.

“ஒங்க பேச்சை போசரியில கேட்டிருக்கேம்மா. மைக்கு புட்டுக்கிச்சு. அப்பவும் கேட்டுச்சு,” என்றார்.

நான் மசியவில்லை. “கைக்குழந்தை என்ன பாவம் செய்தது?”

“ஒண்ணுஞ் செய்யல.”

“பிறகு?”

“கீழ நிக்குதே, என் ஸ்கூட்டரு. ஷோரூம்ல எடுத்த அன்னைக்கே எடப்பக்கமா இழுத்துச்சு. நான் ஒடைக்கல, வளைக்கல. ஆனா கைய விட்டா சாக்கடைதான். அந்த இழுப்பைத்தான் நாங்க பாவம்னு சொல்லுதோம்.”

“அப்படியானால் தயாரித்தவரிடம் புகார் கொடுங்கள்!”

“காலையில ஒரு தரம், ராத்திரி ஒரு தரம், முழங்கால் போட்டுக் குடுத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்.”

நான் சிரித்துவிட்டேன். வில்லனின் நகைச்சுவைக்குச் சிரித்த சீர்திருத்தவாதி அதன்பின் அக்கதையை எப்படி நடத்துவாள்? அவர் வடாபாவைப் பிட்டு எனக்கும் பாதி கொடுத்தார். பச்சை மிளகாயைத் தனக்கே வைத்துக்கொண்டார். அது மட்டும் சற்றே வில்லத்தனம்.

“ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பேராயர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே வாக்கியம், தெருக்கூட்டுதவர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே வாக்கியம். ஒரெழுத்து கூடாது, கொறையாது. பொறப்புல ஒசத்தி இல்லைன்னு நீங்களுந்தானே சொல்லுதீங்க?”

‘எல்லோரையும் சமமாகத் தாழ்த்துவதா சமத்துவம்? எல்லோரையும் சமமாக நிமிர்த்துவதல்லவா!’ என்ற ஒப்பற்ற பதில் எனக்கு உதித்தது. அவருடைய ஸ்கூட்டர் எங்கள் அடுக்குமாடியின் வாயிலைத் தாண்டிய பிறகு உதித்தது. கதையில் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதாக எழுதியிருக்கலாம். எழுதியும் பார்த்தேன். அவர் உடனே இன்னொரு பதில் சொல்லிவிட்டார், அதை அடித்துவிட்டேன்.

போகும் முன் அவர் ஒரு வழி சொல்லியிருந்தார்: “தகப்பன் மனசுல உள்ளதைச் சபையில எந்திரிச்சுச் சொல்லட்டும். பெறகு நான் படிக்கேன்.”

4

உரையை நான் எழுதினேன். எழுதாமல் இருப்பேனா? கோகுலுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. எனவே இந்தியின் நாகரி எழுத்தில் எழுதினேன். இந்தி எதிர்ப்பு மேடைகளில் தொண்டை பழகிய ஒருத்தி, தன்மான முழக்கத்தை நாகரியில் பெயர்த்த காட்சியை வரலாறு குறித்துக்கொள்ளாமல் விடுவது நல்லது.

கூடத்தில் ஒத்திகை.

“‘வழிவழி வந்த வஞ்சக வலையில் வீழோம்...’ பெரியம்மா, வஞ்சகம் மத்லப்?”

“சூழ்ச்சி.”

“சூழ்ச்சி மத்லப்?”

அப்போதுதான் ரீனா சிரித்தாள். பவுனைத் தூக்கிக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். தாய் சிரிப்பதால் மகளும் சிரித்தாள்.

“அத்தை, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இது அவரு கோவம் இல்ல, ஒங்க கோவம். அவரு பொறக்கதுக்கு முன்னையே நீங்க பட்ட கோவம். அவரு கேட்டா வாங்குனாரு? கூடவே வந்துருச்சு. இவரு பொறவி நாத்திகரு! அப்ப நாங்க சொல்லுதது மட்டும் எப்படித் தப்பாகும்?”

இந்த இடத்தில் என் மறுப்பை ஒரு முழுப் பக்கம் எழுதினேன். கோபம் வேறு, குற்றம் வேறு. முன்னதைக் கற்பிக்கலாம், பின்னதைச் சுமத்தலாகாது என்று வகுத்தும் தொகுத்தும் வாதாடினேன். வாதம் சரி. இன்றும் சரி என்றே சொல்வேன். ஆனால் பகுத்தறிவு என்பது அவரவர் யோசித்து அடைவது என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், என் மகனாக வளர்ந்தவனுக்கு அதை அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தேன்.

கோகுல் தாளை மடித்து என் பக்கம் நீட்டினான். “ஸாரி பெரியம்மா. இது உங்களுக்குத்தான் நல்லா வரும்.”

“அப்ப நீங்க என்ன சொல்லப் போறீங்க?” என்றாள் ரீனா. இப்போது சிரிக்கவில்லை.

“மாலூம் நஹி. தெரியல. யோசிக்கணும்.”

5

என்னிடம் இருந்த முடிவுகள்:

அ. கோகுல் முழங்குகிறான், சபை அதிர்கிறது, போதகர் புத்தகத்தை மூடுகிறார். மேடைக்கு ஏற்றது. ஆனால் அந்தக் காட்சியில் ரீனாவை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. எங்கே நிறுத்தினாலும் அவள் அழுதாள்.

ஆ. தண்ணீர் பட்டதும் பவுன் பேசத் தொடங்கி—

சே.

இ. கதாசிரியருக்குத் தலைவலி, வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. தலைவலிதான் வரவில்லை. மேலும் புதுச்சேலைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது.

6

ஞாயிற்றுக்கிழமை. மராத்தி ஆராதனை முடிந்த பிறகு அந்தக் கிறிஸ்தவக் கோயில் தமிழர்களுக்குக் கிடைக்கும். முன்வரிசை பெஞ்சில் நான். அழைக்கும்வரை பவுன் என் மடியில். ரீனா ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. கோகுல் என் பெஞ்சின் நுனியிலிருந்து எழுந்து, அந்த இடத்துக்குப் போகாமல், நடுவில் நின்றான்.

“ஐயரே, எனக்குத் தமிழ் தோடா தோடாதான் வரும். அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கல. இன்னும் பிடிக்கல. ஆனா அதுல எல்லாரும்னுதானே லிக்கா ஹை? அப்ப பவுனைப் பார்த்துப் படிக்காதீங்க. அவ சின்னவ. எங்களைப் பார்த்துப் படிங்க. எல்லாரையும் பார்த்து.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மாப்ளை சரியாத்தானய்யா கேக்காரு!”

சபை சிரித்தது. கோகுல் நடந்து போய் அந்தக் காலி இடத்தில் நின்றான். ரீனா அவன் சட்டைக்கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், கூட்டமான லோக்கல் ரயிலில் பிடிப்பதுபோல.

[இடைக்குறிப்பு: என் வாழ்நாளில் கேட்ட சிறந்த சொற்பொழிவுகளில் இது ஒன்று. மோனை இல்லை, எதுகை இல்லை, இலக்கணம் பாதிதான் இருந்தது. நான் எழுதியதன்று.]

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தொட்டிக்குப் பக்கவாட்டாக நின்றவர், சபையை நோக்கித் திரும்பினார்.

“ஞாயந்தான். அப்படின்னா எல்லாரும் எந்திரிங்க. நான் மொதல்லயே நின்னுட்டேன். இதுல எனக்குப் பங்கு இல்லைன்னு நெனைக்கவங்க மட்டும் உக்காந்துக்கிடலாம்.”

என்னைப் பார்க்காமல் சொன்னார். எத்தனை கவனமாகப் பார்க்காமல் சொன்னார் என்பதை மேடை பழகிய எவரும் அறிவர்.

பெஞ்சுகள் நகர்ந்தன. அனைவரும் எழுந்தார்கள். அந்தக் கோயில் முழுவதிலும் உட்கார்ந்திருந்தவர்கள் இருவர்: நான், என் மடியில் பவுன்.

7

இனி உங்கள் பாடு.

நான் எழுந்தால், பிறவியிலேயே கறை என்ற கொள்கைக்கு, அதை எதிர்த்து முழங்கிய இந்த முழங்கால்கள் சாட்சி சொல்லிவிடும். எழாவிட்டால், இத்தனை மனிதர் நடுவே பிறப்பிலேயே மாசற்றவள் நான் ஒருத்திதான் என்று அறிவித்தவளாவேன். பிறவி உயர்வு! யாரை எதிர்த்துப் போசரியின் ஒலிபெருக்கிகளைக் கருக்கினேனோ, அவர்களுடைய நாற்காலியில் நானே அமர்ந்திருக்கிறேன். எழுந்தாலும் என் கொள்கைக்கு அடி. எழாவிட்டாலும் என் கொள்கைக்கே அடி. என் இரண்டு வாக்கியங்களையும் இதுவரை எவரும் இப்படி எதிரெதிரே நிறுத்தியதில்லை. இதைச் செய்தவர் ஒரு வடாபாவ் பொட்டலத்தோடு வந்த மனிதர் என்பது கூடுதல் அவமானம்.

ரீனா திரும்பிப் பார்க்கிறாள். அவள் முகத்தில் ஆணையும் இல்லை, மன்றாட்டும் இல்லை. உதடுகள் மட்டும் அசைகின்றன: “அத்தை.”

இங்கே பேனாவை வைக்கிறேன். என் வாதங்கள் அனைத்தையும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன். எனக்கென்று ஒரு சொல்லைக்கூட ஒளித்துவைக்கவில்லை. என்னை உட்கார வைப்பதானால், வீட்டுக்குப் போய் ரீனாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். எழுப்புவதானால் மெல்ல எழுப்புங்கள். குழந்தை தூங்கப் பார்க்கிறாள். என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவே: போதகர் வாய் திறந்தபோது பவுன் என் மடியில் இல்லை, தோளில் இருந்தாள். உட்கார்ந்தபடியும் ஒரு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். எழுந்தும்—