சாக்கு இல்லாமல் போன ஐஸ் பார்

தண்ணீர்க் கட்டணத்தையும் கழிவுநீர்க் கட்டணத்தையும் மாநகர மன்றம் ஏற்றப் போகிறது என்று கேள்விப்பட்டதும் ஊரே முணுமுணுத்தது. ஆனால் ஐஸ் அக்காவின் வயிற்றெரிச்சல் தனி ரகம். கழிவுநீருக்குத் தனி மீட்டர் கிடையாது. உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறதோ, அவ்வளவும் சாக்கடைக்குத்தான் போகிறது என்று கணக்குப் போட்டு பில்லைத் தீட்டிவிடுவார்கள். அக்காவின் ஐஸ் ஃபேக்டரியிலோ உள்ளே வரும் தண்ணீர் ஐஸாகி, வண்டியேறி ஜூஸ் கடைகளுக்குப் போகிறது. சாக்கடைக்குப் போவது தரை கழுவுகிற நாலு வாளிதான்.

போகாத தண்ணீருக்கு இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டியாயிற்று. இப்போது அதுவும் இரட்டிப்பானால் ஐஸ் உறையவைக்கும் இரண்டு தொட்டிகளில் ஒன்றை மூடவேண்டும். மூடினால், அதைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தனை வீட்டுக்கு அனுப்பவேண்டும். பதினாறு வருஷம் கூடவே நின்றவனிடம் அதை எந்த வாயால் சொல்வது? அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். ஃபேக்டரியில் அக்கா போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். மைக்கைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"நீங்க பேசவே வேணாம் அண்ணி" என்றான் கொழுந்தன். "ஒரு சின்ன ஐஸ் பாரை முழுசா கொண்டுபோய் மேஜைமேல வெப்போம். 'இதுல சாக்கடை எங்க இருக்கு, காட்டுங்க'ன்னு கேட்டுட்டு வந்துடுங்க. ஒரே வரி."

உருகாமல் காக்கும் சாக்கைச் சுற்றாமல் ஐஸ் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். ஆனால் கொழுந்தனுக்கு அன்று மரியாதை முற்றிவிட்டது. பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அழுக்குச் சாக்கோடு போவதா? சாக்கை உருவி வண்டியிலேயே போட்டுவிட்டு, பாரைக் கண்ணாடி மாதிரி கழுவி, புதுப் பிளாஸ்டிக் தொட்டியில் தூக்கிக்கொண்டு வந்தான். அக்கா பார்த்தாள். வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டாள்.

அக்காவின் டோக்கன் எண் முப்பத்தொன்று. மன்றத்தில் ஏசி படுத்துக் கிடந்தது. ஜன்னல்களோ எப்போதோ பெயிண்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்டவை. ஒன்பதாம் டோக்கன்காரர் தன் தெருக் குழாயின் வரலாற்றை ஆதியோடந்தமாக எடுத்துவிட்டபோது, வேர்த்து விறுவிறுத்த பியூன் ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, ஒரே ஒரு துண்டு கெடைக்குமா? மேயரம்மா தண்ணி கேக்கறாங்க. ஜக்குல இருக்கறது வெந்நியாட்டம் இருக்கு."

வெயிலில் ஐஸ் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லி அக்காவுக்குப் பழக்கமில்லை. கொழுந்தனின் இடுப்பில் ஐஸ் உடைக்கும் குத்தூசி எப்போதும் இருக்கும். ஒரு துண்டு மேயரின் ஜக்குக்குப் போயிற்று. அதைப் பார்த்த கவுன்சிலர்கள் டம்ளரை நீட்டினார்கள். கட்டண உயர்வுத் திட்டத்தை எழுதிய இன்ஜினியர், ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடரியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மிச்சத்தைப் பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

முப்பத்தொன்றைக் கூப்பிட்டபோது தொட்டியில் இருந்தது இரண்டு டம்ளர் தண்ணீர். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. மைக் முன்னால் நின்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு எதிரே பார்த்தாள். ஆளுக்கொரு டம்ளரோடு குளிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஃபேக்டரிக் குரல் தானாக வந்துவிட்டது.

"ஒரு ஐஸ் பார் கொண்டாந்தேன். இப்ப காட்ட ஒண்ணுமில்ல. எங்க போச்சுன்னு நீங்களே பாத்துக்குங்க. மேயரம்மா ஜக்குக்குள்ள போச்சு. இன்ஜினியர் சார் கழுத்துல போச்சு. ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகல. ஆனா அந்தப் பாருக்கும் நான் சாக்கடைக் காசு கட்டியிருக்கேன்."

இன்ஜினியர் கைக்குட்டையைச் சட்டென்று இறக்கினார். விட்டுக்கொடுக்க மனசில்லை. "குடிச்ச தண்ணியும் கடைசில எங்க சாக்கடைக்குத்தானேம்மா வரும்?"

"வரட்டும் சார். குடிச்சவங்ககிட்ட வாங்கிக்குங்க. எங்கிட்ட எதுக்கு?"

மன்றம் அதிர்ந்தது. சிரித்த சிரிப்பில் மேயருக்குப் புரை ஏறி, தீர்மானத் தாளில் தண்ணீர் தெறித்தது. கட்டணம் ஏறத்தான் ஏறியது. குழாயெல்லாம் துருப்பிடித்துக் கிடப்பது அக்காவுக்கும் தெரியும். ஆனால் ஈரமான அந்தத் தாளில் ஒரு வரி சேர்ந்தது: ஐஸ் ஃபேக்டரிகள் சாக்கடைக் குழாயில் தனி மீட்டர் வைத்துக்கொள்ளலாம், அது காட்டும் அளவுக்குக் கட்டினால் போதும்.

வெளியே வந்ததும் கொழுந்தன் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினான். நிமிராமலே கேட்டான்:

"அப்ப ஃபேக்டரில ரெண்டு தொட்டியும் ஓடும்ல அண்ணி?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு வாரமா நீங்க என்னைத் திட்டவே இல்லியே."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசு நிறைந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஆரம்பித்தாள்:

"ஏன்டா, அறிவிருக்கா உனக்கு? சாக்கை எதுக்குடா கழட்டின?"