தராசம்மாவின் கைப்பிடி

சமையல் புத்தகம் போடும் அந்த நிறுவனத்தில் அவளை எல்லோரும் தராசம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசகர்கள் கப் கணக்கில் எழுதியனுப்பும் சமையல் குறிப்புகளைக் கிராமுக்கு மாற்றுவது அவள் வேலை. சர்க்கரையும் மாவும் சொன்ன பேச்சு கேட்கும். இலைகள்தான் பாடாய்ப் படுத்தும். ஒரு கப் புதினாவை லேசாக உதிர்த்துப் போட்டால் பதினைந்து கிராம். அதே கப்பில் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தால் முப்பது. காம்போடு நிறுத்தால் ஒரு கணக்கு, ஈரத்தோடு நிறுத்தால் இன்னொரு கணக்கு. "ஒரு கைப்பிடி கொத்தமல்லி" என்று யாராவது எழுதிவிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருடைய கை என்று சேர்த்து எழுதினால் என்ன குறைந்தா போய்விடுவார்கள் என்று அடுப்பைப் பார்த்துத் திட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவள், வேறு ஊரில் தனியாகப் பொங்கித் தின்னும் மகனிடம் மட்டும் கிராம் என்ற பேச்சையே எடுக்க மாட்டாள்.

அவன் வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைத்ததும் போன் செய்வான். பருப்பில் எவ்வளவு கொத்தமல்லி போடுவது என்பான். ஒரு கைப்பிடி என்பாள். உன் கைப்பிடியா என் கைப்பிடியா என்று அவன் கேட்பான். அதிலிருந்து பேச்சு கிளை விடும். மேலதிகாரியின் சிடுசிடுப்பு, மாடி வீட்டுக்காரரின் நாய், துவைக்காத சட்டைகள் எல்லாம் வரும். கொதி வந்ததும் போனை வைத்துவிடுவான். அதனால் தீயைக் குறைத்து வைக்கும்படி அவள் எப்போதும் சொல்வாள். மெதுவாக வெந்தால்தான் ருசி என்று காரணமும் வைத்திருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவளோடு பேசும் ஒரே குரல் அதுதான்.

ஒருநாள் மகன் உற்சாகமாகக் கூப்பிட்டான்.

"அம்மா, சின்னதா ஒரு தராசு வாங்கிட்டேன். எல்லாத்தையும் கிராம்ல சொல்லிடு, எழுதி அலமாரியில ஒட்டிக்கிறேன். இனிமே உன்னைத் தினமும் தொந்தரவு பண்ண மாட்டேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவள் போனை வைத்தாள். வேண்டுமென்றே இரண்டு அளவைத் தப்பாகச் சொல்லிவைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் கசப்பைத் தின்னப்போவது பிள்ளையாயிற்றே. மறுநாள் வேலையிடத்தில் ஒவ்வொரு இலையையும் காம்பு கிள்ளி, ஈரம் ஒற்றி, நிறுத்துப் பார்த்து, அச்சுக்கு அனுப்புவதைவிடச் சுத்தமாகக் கணக்கிட்டுச் சொன்னாள்.

போன் நின்றுபோனது. எப்போதாவது அவசர அவசரமாக நலம் விசாரிப்பான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். தானாகக் கூப்பிட அவளுக்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை. வேலையிடத்துக் குறிப்புகள் எல்லாமே நாலு பேருக்கானவை. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் பானை நிறையச் சமைத்துவிட்டு, அதையே சுடவைத்துச் சுடவைத்துத் தின்றாள்.

ஒரு மாலை அடுப்பில் பருப்பு இருந்தது. கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடி நின்றவளுக்குத் தனிமை தாங்கவில்லை. வீம்பாவது மண்ணாங்கட்டியாவது என்று மகனைக் கூப்பிட்டாள்.

"ஒரு ஆளுக்கு எவ்ளோப்பா கொத்தமல்லி போடணும்?"

அவன் சிரித்தான். "என்கிட்டயா கேக்கறே? அது உன் வேலையாச்சே."

"எங்களுக்கு எல்லாமே நாலு பேருக்குத்தான். ஒரு ஆளுக்குன்னா எனக்குத் தெரியல."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. ஒரு ஆளுக்கென்று அவளே சொன்ன கிராம் கணக்கு அவன் கண்ணெதிரே அலமாரியில் ஒட்டியிருந்தது. அவன் அதைப் படித்துச் சொல்லவில்லை.

"ஒரு கைப்பிடி போடும்மா."

"யார் கைப்பிடி?"

"அதைப் பேசி முடிவு பண்ணலாம். நீ முதல்ல தீயைக் குறைச்சு வை."