சைரன் கேட்ட கேள்வி

"சார்! உங்களைத்தான் சார். படியில நின்னுக்கிட்டு ஊஞ்சல் ஆடுறீங்களே, உங்களைத்தான்! விழுந்து செத்துப்போனா உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? மேல ஏறுங்க!"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆபீஸ் பையோடு தொங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் மாட்டிக்கொண்டவர் மாதிரி அசட்டுச் சிரிப்போடு உள்ளே வந்தார். அந்தத் தடத்தில் கண்டக்டரம்மாவுக்கு 'சைரன்' என்று பெயர். வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, அவளுடைய டிரைவரேதான். "ஹாரன் ரிப்பேர் ஆனா எனக்குக் கவலையில்ல, நீ இருக்கே" என்பார். அவளுக்கும் அதில் பெருமைதான். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் பஸ்ஸின் படியிலிருந்து ஒரு பிள்ளைகூட விழுந்ததில்லை. அந்த வாய்க்குப் பயந்தே முக்கால்வாசிப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள்.

ஆனால் இன்று கத்தி முடித்தவள், யாருக்கோ தரவேண்டிய சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஊரான் வீட்டு ஆளிடம் இவ்வளவு சுலபமாக வந்த அந்தச் 'சாவு' வார்த்தை, பெற்ற பெண்ணிடம் தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறதே!

இத்தனைக்கும் அவர்கள் வீட்டில் சாவு மலிவான சரக்கு. பசித்தால் "உயிர் போகுதும்மா." சிரிப்பு வந்தால் "ஐயோ, செத்தேன்." கணக்குப் பரீட்சை என்றால் "நாளைக்கு நான் காலி, எல்லாரும் வந்து பாத்துட்டுப் போங்க." பத்தாவது படிக்கிற பெண், அம்மாவுக்குத் தப்பாத வாய். அந்த வாய் எப்போதோ ஓய்ந்துபோயிருந்தது. எதைக் கேட்டாலும் "பரவால்லம்மா." சாப்பாட்டில் உப்பில்லையா, பரவாயில்லை. மார்க் குறைந்ததா, பரவாயில்லை. இந்த அம்மா என்ன செய்தாள்? "என் பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சுண்ணே" என்று டிரைவரிடம் பீற்றிக்கொண்டாள். அதை இப்போது நினைத்தால் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

முந்தாநாள்தான் சுருக்கென்றது. யாரையும் தொடவிடாத தன் பெயிண்ட் டப்பாவைப் பெண், பிரஷ்ஷோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுக் குட்டிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஏன்டி என்றதற்கு, "எனக்கு இனிமே எதுக்கும்மா?" என்றாள். அந்த 'இனிமே' அம்மாவின் நெஞ்சில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கேட்டுவிடலாம் என்று அப்போதிலிருந்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள்.

கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானதும் டிரைவரிடம் கொட்டிவிட்டாள்.

"கேட்டுடேன்" என்றார் அவர்.

"இல்லாததை நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிட்டா? வாயில நல்ல வார்த்தையே வராதான்னு எங்க வீட்டுக்காரரே ஏசுவாருண்ணே."

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். அவள் படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்தாள்.

"ஏண்ணே, இத்தனை வருஷமா 'விழுந்துடுவே, விழுந்துடுவே'ன்னு கத்தறேன். நான் சொன்னேங்கறதுக்காக எவனாவது விழுந்திருக்கானா?"

"விழறதாவது! உள்ளதான் வருவான்."

"அப்போ நான் போறேன்."

"போ. டிப்போவுல நான் பேசிக்கறேன்."

பணப்பையை ஒப்படைத்துவிட்டு, பாதி ஷிஃப்டில், காக்கிச் சட்டையோடேயே வீட்டுக்கு ஓடினாள்.

பள்ளியிலிருந்து வந்த பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். என்ன சொன்னாலும் திட்ட மாட்டேன். செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா உனக்கு?"

தன் குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. பெண் மெல்லத் திரும்பினாள். உதடு கோணியது.

"ஆமா."

உனக்கென்னடி குறை வச்சோம், எங்களை நினைச்சுப் பாத்தியா என்று ஒரு பஸ் நிறையக் கத்தல் தொண்டைவரை வந்து முட்டியது. அத்தனையையும் விழுங்கினாள். வாழ்க்கையில் அவள் செய்த பெரிய வேலை அதுதான் என்றால் மிகையில்லை.

"சொல்லு. கேக்கறேன்."

பெண் சொன்னாள். இதுதான் காரணம் என்று ஒன்று இல்லையாம். பள்ளியிலும் சரியில்லை, தூக்கமும் இல்லை, எதிலும் ருசியில்லை, தான் எல்லோருக்கும் பாரம் என்று மனசு ஓயாமல் சொல்கிறதாம். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுகையின் நடுவே, "நீ கேக்கவே மாட்டேன்னு நினைச்சேம்மா" என்றாள்.

அம்மாவும் ஓவென்று அழுதாள். "பாரமாடி நீ? என் ராசாத்தி, தெரியாம இருந்துட்டேனே! இனிமே நீ தனியா சுமக்க வேண்டாம். அப்பாகிட்ட சொல்லலாம், டாக்டர்கிட்ட போலாம். இப்பவே."

"இப்பவேவா?"

"காய்ச்சல்னா நாளைக்குப் போலாம்னு சொல்வேனா?"

அன்று மாலையே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மந்திரம் போட்டாற்போல் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. டாக்டர் சொன்னபடி பூட்டி வைக்க வேண்டியதையெல்லாம் அப்பா பூட்டி வைத்தார். ஹோட்டலில் சமையல் வேலை அவருக்கு, பேச்சு வராது. ஆனால் பெண்ணைத் தனியாக விடாமல் வீட்டில் மாவு பிசைந்துகொண்டே பக்கத்தில் இருந்தார். சில நாள் பெண் எழுந்திருக்கவே மறுத்தாள். அம்மா சுற்றி வளைக்காமல் மறுபடி மறுபடி கேட்டாள். "இன்னிக்கு எப்படி? அந்த நினைப்பு வந்துச்சா?" "வந்துச்சு." "சரி, உக்காரு, பேசலாம்." ஒருநாள் "வரல" என்றாள். அப்புறம் இன்னொரு நாளும்.

மழைக்காலம் முடிந்த ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அப்பாவும் பெண்ணும் அம்மாவின் பஸ்ஸிலேயே ஏறினார்கள். சரியான கூட்டம். பெண் யாரிடமோ, "அக்கா, கால்! அது என் கால், தரை இல்ல!" என்று சண்டை பிடித்துக்கொண்டே முன்னேறி வந்தாள். அந்தச் சண்டையைக் கேட்டு அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்த டிரைவர் வேண்டுமென்றே வண்டியை எடுக்காமல் இருந்தார்.

"எங்கம்மா போகணும்?" என்றாள் கண்டக்டர், எல்லோரிடமும் கேட்கிற மாதிரி.

பெண் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு."

டிக்கெட்டைக் கிழித்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, அந்தத் தெரு முனைவரை கேட்கும்படி சைரன் கத்தினாள்:

"ரைட்! போலாம், போலாம்!"