போய்த் திரும்பினால் ஒன்று

தலைமாட்டைப் புருஷோத்தமன் பிடித்திருந்தான், கால்மாட்டைப் பிரேம்குமார். பாயோடு தூக்கி உள்ளறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டியது பத்தடி தூரம்தான். அறை வாசற்படியை நெருங்கும்போது புருஷோத்தமனின் தோள் மேலிருந்து தொங்கிய நூலில் பட்டது. நூலின் நுனியில் இருந்த பித்தளைக் குண்டு ஆட ஆரம்பித்தது.

"இது இன்னா மாப்ள, குறுக்க தொங்குது? அவுத்துப் போட்டுடவா?"

"இருக்கட்டும் மச்சான். படி இருக்கு, பாத்து வா."

பாயில் கிடந்தவள் புருஷோத்தமனின் தங்கை, பிரேம்குமாரின் மனைவி. கலைவாணிக்கு முப்பத்தொன்பது வயது. கணையத்தில் கட்டி என்று தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒன்பது நாள். பத்தடி தூரத்தில் பிரேம்குமாரின் கைக்கு எந்தக் கனமும் தெரியவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. பிரேம்குமாரின் அக்கா நிர்மலா நோணாங்குப்பத்திலிருந்து ஏழு மணிக்கே வந்துவிட்டாள். முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே அவள் குரல் கேட்டது. ஒரு மூச்சு அழுது முடித்ததும், வந்து உட்காருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

"என் தம்பி ராப்பூரா கண்ண மூடல. அவ கையப் புடிச்சிக்கிட்டே ஒக்காந்திருந்தான். அவன் கையிலதான் உசுரு போச்சு. யாருக்குக் கெடைக்கும் அந்த சாவு!"

பிரேம்குமார் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. போனில் "விடியக்காலைல போயிட்டாக்கா" என்றான், அவ்வளவுதான். மீதியை அக்கா வரும் வழியில் சேர்த்துக்கொண்டாள். அவளுக்குத் தம்பி மேல் பாசம் அதிகம்.

அவன் எழுந்து உள்ளறைக்குப் போனான். குண்டு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அது அவன் கடைந்த குண்டு. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் அவன் லேத் ஓட்டுகிறான், இருபத்திரண்டு வருடமாக. மூன்று வருடத்துக்கு முன்னால் கலைவாணி மாலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தபோது, வீட்டில் சோதனை செய்து பார்க்க ஒரு குண்டு வேண்டும் என்று கேட்டாள். வேஸ்ட் பித்தளையில் அரைமணி நேரத்தில் கடைந்து, நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டு வந்தான். மாட்டுவதற்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. வீடு கட்டும்போதே தொட்டிலுக்கென்று போட்ட கொக்கி பன்னிரண்டு வருடமாகக் காலியாகத்தான் இருந்தது.

"எண்ணு மாமா" என்று போனில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் குண்டை இழுத்து விட்டு "ஒண்ணு" என்பான்.

"அய்யோ, தப்பு! விடும்போது சைபர். போயிட்டுத் திரும்பி வந்தாத்தான் ஒண்ணு."

எத்தனை முறை சொல்லியிருப்பாள்! அவன் வேண்டுமென்றே "ஒண்ணு" என்றுதான் ஆரம்பிப்பான். அவள் கோபப்படுவதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும். கோபம் வந்தால் மூக்கு விடைக்கும்.

சுவரில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதி ஒட்டிய பட்டியல் இருந்தது. கல்லூரியில் கொடுத்த பாடத்திட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், இந்தப் பட்டம் வாங்குகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இங்கிலீஷில் ஒன்பது வரி போட்டிருந்தது. "இதப் படிச்சு இன்னா பண்ணப் போற?" என்று அவன் கேட்ட அன்றைக்கு, அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். "இதான் பண்ணப் போறேன்" என்றாள். ஒவ்வொன்றும் தனக்கு வந்துவிட்டது என்று தோன்றும்போது டிக் போட்டுக்கொள்வாள். பக்கத்தில் ஆணியில் கட்டிய பென்சில் தொங்கும். டிக் போடுவதில் மகா கறார். கல்லூரியில் எண்பது மார்க் போட்ட விஷயத்துக்குக்கூட இரண்டு மாதம் கழித்துத்தான் போட்டாள்.

நான்காவது வரி: அளந்ததை, அதில் தனக்கு எவ்வளவு தெரியாது என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு அவன் சிரித்துவிட்டான். "இதுக்கா மூணு வருஷம்? எங்க பட்டறையில ட்ராயிங்லயே போட்டு வரும். இருவத்தஞ்சு எம்எம், கூட்டல் கழித்தல் பாயின்ட் சைபர் டூ. அதுக்குள்ள இருந்தா கரெக்ட்டு."

"கரெக்ட்டுன்னு ஒண்ணு கெடையாது மாமா. எவ்ளோ கரெக்ட்டுன்னு சொல்லு. ரெண்டு முனை தெரிஞ்சு நடுவுல தெரியலன்னா, நடுவ எழுதி ரெண்டு பக்கமும் பாதி பாதி விடணும். தெரியாதத மறைச்சா எங்க மேடம் சைபர் போட்டுடுவாங்க."

ஒன்பது வரியில் எட்டுக்கு டிக் இருந்தது. ஒன்பதாவது: இயற்பியல் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். "எனக்குத்தான் எல்லாம் புரியுதே, போட்டுக்கோ" என்று அவன் பலமுறை சொன்னான். "நீ மண்டைய மண்டைய ஆட்டுற. நீ இன்னொருத்தருக்குச் சொல்லி, அவங்களுக்குப் புரியணும். அப்பதான் எனக்கு டிக்கு" என்றாள். ஐந்து செமஸ்டர் முடிந்திருந்தது. ஆறாவதுக்குப் பணம் கட்டிய வாரம்தான் வயிற்று வலி வந்தது.

பிரேம்குமார் கட்டிலில் உட்கார்ந்தான். தலையணையில் அவள் தலை வைத்த பள்ளம் இருந்தது. மேஜையில் ரெக்கார்டு நோட்டுகள், அவள் கண்ணாடி, சீப்பு, சீப்பில் நாலைந்து முடி. இந்த அறை இருந்தால் போதும் என்று நினைத்தான். இங்கேயே படுத்து, இந்த நோட்டுகளைப் புரிகிறதோ இல்லையோ ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம்.

"தம்பி, நாராயணசாமி ஐயா வந்திருக்காரு. வா" என்று அக்கா கூப்பிட்டாள்.

நாராயணசாமி அதே தெருவில் இருப்பவர். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வது அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தினி மணிக்குப்பா?"

"விடியக்காலைல."

"அது தெரியுது. மணி சொல்லு. இன்னைக்குத் திருவோணம் அஞ்சு ஆறு வரைக்கும்தான். அதுக்கப்புறம் அவிட்டம். அவிட்டத்துல போயிருந்தா அடைப்பு. உசுரு போன ரூம ஆறு மாசம் பூட்டி வெக்கணும். உள்ள இருக்கறது ஒரு துரும்புகூட வெளிய வரக்கூடாது. அதனாலதான் கேக்கறேன்."

புருஷோத்தமன் முன்னால் வந்து மெதுவாகச் சொன்னான். "ஐயா, நாலரைன்னு போட்டுக்குங்க. இருக்கறதே ஒரு ரூமு. அதப் பூட்டிட்டு இவன் எங்க படுப்பான்?"

"நாலரதான் ஐயா" என்றாள் நிர்மலா. "இவன் கையிலதான போச்சு. இவனுக்குத் தெரியாதா?"

"அவன் சொல்லட்டும்மா. கூட இருந்தவன் அவன்தான்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு தலையாட்டு போதும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அறை அவனுக்குக் கிடைத்துவிடும், தலையணையும் சீப்பும் நோட்டும் எல்லாம். அக்கா சொன்ன அந்த நல்ல சாவும் அப்படியே நிலைத்துவிடும். நாலு வருடம் போனால் அவனே அதை நம்பிவிடுவான்.

விடியக்காலை நாலு இருபதுக்கு அவளுக்கு வலி மருந்து கொடுத்தான். மருந்து கொடுத்த நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லியிருந்ததால் போனில் பார்த்துக் குறித்தான். அவள் இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "லைட்ட அணச்சிடு மாமா, கண்ணு கூசுது" என்றாள். அணைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்பது நாள் தூக்கம் மொத்தமாக வந்து அவனை அழுத்தியது. காலை ஆறு மணி மருந்துக்கு வைத்திருந்த அலாரம் ஐந்தே முக்காலுக்கு அடித்தபோது அவள் கை அவன் கையில்தான் இருந்தது. சூடு இல்லை. கூப்பிட்டிருப்பாளா? விரலை அசைத்திருப்பாளா? காலையிலிருந்து அவன் மனம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலரை என்று சொன்னால் அவன் தூங்கிய அந்த நேரமே இல்லாமல் போய்விடும். அவள் தனியாகக் கிடந்தது நடக்கவே நடக்காத விஷயமாகிவிடும். அதை மட்டும் அவளுக்குச் செய்ய அவனுக்கு மனசு வரவில்லை.

"தெரியாது ஐயா" என்றான். "நாலு இருவதுக்கு மருந்து குடுத்தேன். பேசினா. அஞ்சே முக்காலுக்கு அலாரம் அடிச்சுது. அப்ப இல்ல. நடுவுல நான் தூங்கிட்டேன்."

நிர்மலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தூங்கிட்டியா?" என்றான் புருஷோத்தமன்.

"தூங்கிட்டேன் மச்சான்."

"நான் இருக்கறேன்னு சொன்னேனேய்யா நேத்து. நீ பாத்துக்கறேன்னு சொன்னதாலதான நான் வூட்டுக்குப் போனேன்?"

புருஷோத்தமன் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தான்.

நாராயணசாமி பஞ்சாங்கத்தில் விரலை வைத்தார். "ஏதாவது ஒரு நேரம்னு சொன்னாத்தாம்பா எழுத முடியும். நாளைக்கு மேரில பதியப் போனாலும் கேப்பான்." நகராட்சியை இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் மேரி என்றே சொல்லுகிற ஆள் அவர்.

"அஞ்சு ரெண்டு. கூட்டல் கழித்தல் நாப்பத்திமூணு நிமிஷம்."

"இன்னாது?"

"அஞ்சு ரெண்டுக்கு இந்தப் பக்கம் நாப்பத்திமூணு நிமிஷம், அந்தப் பக்கம் நாப்பத்திமூணு நிமிஷம். அதுக்குள்ள எப்ப வேணா போயிருக்கலாம்."

நிர்மலா சட்டென்று நிமிர்ந்தாள். "அஞ்சு ரெண்டுன்னா திருவோணம்தானே ஐயா? நாலு நிமிஷம் பாக்கி இருக்கே! அப்ப அடைப்பு இல்லையே!"

அவனுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. நடு எண் தனக்குச் சாதகமாக வந்து விழுந்திருக்கிறது. அப்படியே விட்டிருக்கலாம்.

"அப்பிடி இல்லக்கா" என்றான். "அது நடு. அவ போன நேரம் இல்ல. ஐயா, ஒங்க வூட்டுக்குக் கரன்ட்டுக்காரன் காலைல எட்டுலேர்ந்து பன்னண்டுக்குள்ள வருவேன்னு சொல்றான். நடுவுல பத்து மணி வருது. அதுக்காகப் பத்து மணிக்கு வந்தான்னு சொல்ல முடியுமா? எனக்குத் தெரியாதது அவ்ளோ நேரம். அதச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு வழி இல்ல."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். அவனை முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

"புரியுதுப்பா" என்றார். "நல்லாப் புரியுது. ஆனா சந்தேகம்னு வந்துட்டா பூட்டிடறதுதான் முறை."

"பூட்டிடறேன் ஐயா."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கருவடிக்குப்பம் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து திரும்பும்போது ஐந்தாகிவிட்டது. புருஷோத்தமன் காரியத்துக்கெல்லாம் கூடவே நின்றான், தோளும் கொடுத்தான். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத்தரையில் நிர்மலா அகல்விளக்கோடு நின்றாள்.

"பொழுது சாயறதுக்குள்ள வெளக்க வெச்சிட்டுப் பூட்டிடணுமாம்" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஒரு நோட்டாவது எடுத்துக்கடா. யாரும் பாக்கல."

"வேணாங்க்கா."

புருஷோத்தமன் தெருவிலிருந்து வந்தான். கையில் புதுப் பூட்டு, அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. அவனே போய் வாங்கி வந்திருக்கிறான். பிரேம்குமார் பக்கம் நீட்டினான்.

"ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணு நான் வெச்சிக்கறேன்" என்றான். "ஆறு மாசம் கழிச்சுத் தொறக்கறப்ப நானும் வரேன்."

பிரேம்குமார் பூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். விளக்கை மூலையில் வைத்தான். தலையணையைத் தொடவில்லை. சுவர்ப் பட்டியலின் முன்னால் நின்றான். ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில் காலி இடம். தொங்கிய பென்சிலைக் கையில் எடுத்து, அதன் நுனியில் இருந்த பல் தடத்தை விரலால் தடவினான். கணக்கு வராதபோது அவள் கடிக்கிற பழக்கம் அது. டிக் போடவில்லை. அது அவள் போட வேண்டியது. பென்சிலை மெதுவாகத் தொங்க விட்டான்.

குண்டு அசையாமல் நேராக நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்துக் கதவுப் பக்கமாக ஒரு சாண் இழுத்தான். நூல் விறைப்பாகும் வரை காத்திருந்தான். அவளிடம் ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை.

விட்டான்.

"சைபர்" என்றான்.

வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினான். சாவி ஒன்றைப் புருஷோத்தமனிடம் கொடுத்தான். பிறகு அங்கேயே, கதவில் காதை வைத்தபடி, குண்டு திரும்பி வருவதற்காக நின்றான்.