கடலில் பன்னிரண்டு கட்டில்

கடலில் ஒரு எண்ணெய் மேடை எழும்புவதற்கு நாலைந்து வருடம் முன்பே, அது எப்படி இருக்க வேண்டும் என்று பேப்பரில் முடிவு செய்வது எங்கள் பிழைப்பு. முடிவாகாத எதையும் சும்மா விட மாட்டோம். அதைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு இழுத்து ‘ஹோல்டு’ என்று எழுதி வைப்போம். என் வரைபடத்தில் மூன்று வாரமாக ஒரே ஒரு மேகம் கலையாமல் நின்றது. அதற்குள் பன்னிரண்டு கட்டில்கள்.

மேடையில் ஆள் தங்குவதா, கரையிலிருந்தே இயக்குவதா என்பதுதான் கேள்வி. என் வீட்டுக்காரர் வேறொரு மேடையில் ஆபரேட்டர். அது நடுக்கடல், ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. புது மேடையோ கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரம்தான். கட்டில் வந்தால் அவர் மாற்றல் கேட்கலாம், வாரா வாரம் வீட்டுக்கு வரலாம். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஐந்தரை வருடம்தான் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். எனக்கு அவர் வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் புது மேடையின் எண்ணெய்க் கிணறுகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டன. மூன்று கிணற்றுக்குப் பன்னிரண்டு பேர் காவலா? ஒப்பீட்டு அட்டவணையில், ஆளில்லாத மேடைக்குப் பழுது பார்க்க வருடத்துக்கு நாற்பது படகுப் பயணம் என்று போட்டேன். அத்தனை தடவை போய் வருவதற்கு அங்கேயே தங்கிவிடலாம் என்று விடை வரும். வந்தது.

எங்கள் மேனேஜரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

“எல்லாரும் ஆறு, ஏழுன்னு போடுவாங்க. இந்த நாப்பது எங்கேயிருந்து வந்துச்சு?”

“வீட்டிலேருந்து,” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அவர் திட்டவில்லை. கடலுக்கே அனுப்பாத ஆளுக்குக் கடலில் ஆபத்து வராது என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நாற்பதை ஆறாக்கினேன். மேகத்தையும் கட்டில்களையும் அழித்தேன். பத்து நிமிஷ வேலை.

சாப்பாட்டு வேளையில் வீட்டுக்காரர் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் வழக்கம்போலக் கிண்டலுக்குத் தாவினார்.

“விடு. புருஷன் கரையிலேயே இருக்கப்போற பன்னெண்டு பொண்டாட்டிங்க உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க.”

“பதிமூணாவதா ஒருத்தி இருக்காளே, அவ என்ன பண்ணுவா?”

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.